சுவர்களுக்குப் போன பணம்: மனநலத்துக்கான பொதுநிதியின் வரலாறும் நம் கேள்விகளும்
(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



அண்ணன் நினைவுப் பேருரை என்றால் அவருடைய எழுத்தைப் பற்றியோ தலித் இலக்கிய வரலாற்றின் ஏதாவது ஒரு காலகட்டத்தைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு நான் வேறொரு வரலாற்றைப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் அண்ணியிடம் அனுமதி கேட்டேன். "சொல்லும்மா, இன்னும் எத்தினி நாளைக்கு மறைக்கிறது" என்றார். அந்தச் சொல்லின் துணிவில்தான் இங்கே நிற்கிறேன்.

அண்ணன் தன் கடைசி ஆறு ஆண்டுகள் நம் கூட்டங்களுக்கு வரவில்லை. அழைப்பிதழில் பெயர் போடுவோம். வராதபோது 'உடல்நலக் குறைவு' என்று மேடையில் அறிவிப்போம். சர்க்கரை என்றோம், முதுகுவலி என்றோம். அவருக்கு வந்திருந்தது மனநோய். நம்மில் பத்துப் பேருக்காவது அது தெரியும். சமூகத்தின் எல்லாக் காயங்களையும் எழுதிய நாம் இந்த ஒன்றை மட்டும் மூடி வைத்தோம்.

அந்த ஆறு ஆண்டுகளில் அண்ணி மாதம் இரண்டு முறை அண்ணனை அழைத்துக்கொண்டு விடிவதற்கு முன் பஸ் ஏறினார். நகரத்து அரசு மருத்துவமனையில் சீட்டு போட்டு, வரிசையில் நின்று, பதினைந்து நாளுக்கான மாத்திரையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்குக் களைவெட்டுக் கூலியும் போச்சு, நூறுநாள் வேலையும் போச்சு. ஒருமுறை அண்ணன் மூன்று இரவு தூங்காமல் கத்தியபோது அங்கேயே படுக்கையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். இடமில்லை என்றார்கள். "வீட்ல வச்சு நல்லா பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்படிச் சொன்ன மருத்துவர் கெட்டவர் இல்லை. அவரிடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. 'வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது பெரும்பாலும் பணத்தின் வரலாறு. மனநோய்க்கென்று அரசு எங்கே செலவழித்தது, எங்கே செலவழிக்காமல் விட்டது, விட்ட செலவை யார் சுமந்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1. சுவர் எழுந்த கதை

மதராஸில் முதல் மனநோயாளர் காப்பகம் 1794இல் தொடங்கியது. நடத்தியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனொலி. கட்டடம் அவருடையது, கம்பெனி அவருக்கு வாடகை கொடுத்தது. அது பின்னர் டால்டன் என்ற மருத்துவரின் கைக்கு மாறி, அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. ஆக, நம் மண்ணில் மனநலத்துக்கென்று செலவான முதல் பொதுப்பணம் ஒரு தனியார் கட்டடத்துக்கான வாடகை. காலனியக் காப்பகங்களில் ஐரோப்பியருக்கு ஒரு தரமும் இந்தியருக்கு வேறொரு தரமும் இருந்தன. இருப்பிடமும் உணவும் இனத்தைப் பார்த்து, வகுப்பைப் பார்த்து ஒதுக்கப்பட்டன.

1858இல் இந்தியப் பைத்தியக்காரர் காப்பகச் சட்டம் வந்தது. தெருவில் அலைகிறவர், ஆபத்தானவர் என்று தோன்றுகிறவரைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் கடமையைச் சட்டம் போலீசுக்குக் கொடுத்தது. வீடும் நிலமும் ஆள்பலமும் உள்ள குடும்பத்தின் மனநோயாளி தெருவில் அலைய வேண்டியதில்லை. பின்கட்டில் ஓர் அறை இருக்கும். அலைகிறவர் யார் என்பது பொருளாதாரம் தீர்மானிக்கிற விஷயம். போலீஸ் வழியாகக் காப்பகத்துக்குள் போகும் பாதை ஏழைகளுக்காகப் போடப்பட்ட பாதை.

1871இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. 145 நோயாளிகளோடு தொடங்கிய இடம் அது. 1912இல் புதிய சட்டம் வந்தது. 1922இல் காப்பகம் என்ற பெயர் மனநல மருத்துவமனை என்று மாறியது. பெயர் மாறிய அளவுக்கு மதில் மாறவில்லை. மக்கள் நாக்கில் அந்த ஊர்ப்பெயரே வசைச்சொல்லானது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று இன்றும் நம் பிள்ளைகள்கூட ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள். ஓர் ஊரின் பெயரைச் சொன்னாலே இழிவு என்றால் என்ன பொருள் என்பது, சேரி என்ற சொல்லைச் சுமந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

விடுதலைக்கு முந்தைய ஆண்டு, 1946இல், போர் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. இந்தியா முழுவதற்கும் மனநல மருத்துவமனைகளில் இருந்தவை சுமார் 10,000 படுக்கைகள். 40,000 பேருக்கு ஒரு படுக்கை என்ற கணக்கு. இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒன்று. இருந்த மருத்துவமனைகளும் குணப்படுத்துவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல, அடைத்துவைக்கக் கட்டப்பட்டவை என்பதை அந்தக் குழுவுக்காக மருத்துவமனைகளைச் சுற்றிப்பார்த்த மூர் டெய்லர் எழுதி வைத்தார். நூற்றைம்பது ஆண்டுக் காலனியச் செலவு நமக்கு விட்டுப்போன சொத்து இவ்வளவுதான்: கொஞ்சம் சுவர், அதற்குள் கொஞ்சம் கட்டில்.

2. ஆய்வு வழி காட்டியது, பணம் வரவில்லை

விடுதலைக்குப் பிறகு நடந்ததில் நல்லதும் உண்டு. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1974இல் அது நிம்ஹான்ஸ் ஆனது. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். மதிலுக்குள்ளே தொழிற்பயிற்சியையும் மறுவாழ்வையும் கொண்டுவர முயன்றார். ஓய்வுக்குப் பின், 1984இல், மனச்சிதைவு ஆய்வுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

இதே காலத்தில் குடும்பம் ஒரு மருந்தாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனை வளாகத்தில் வித்யாசாகர் என்ற மருத்துவர் கூடாரம் போட்டு, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை வந்தது. மனிதநேயமான முயற்சிகள் இவை. பின்னர் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு ஆய்வு நடத்தியது. இந்தியாவில் ஆக்ரா அதன் மையம். பணக்கார நாடுகளைவிட இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளில் நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்றது முடிவு. ஏன் என்று கேட்டவர்களில் பலர் குடும்பத்தைக் காட்டினார்கள். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் 1981 வாக்கில் தொடங்கிய ஆய்வு, முதல்முறை நோய்கண்ட 90 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. உலகம் மதிக்கும் ஆய்வு அது. பொதுப்பணத்தில் விதைத்தால் என்ன விளையும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் குடும்பம் என்று சொன்னபோது எந்தக் குடும்பம் என்று கொள்கை வகுத்தவர்கள் கேட்கவில்லை. வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் நோயாளியோடு இருக்க முடிகிற குடும்பத்தைத்தான் அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். நம் குடும்பங்களில் எழுந்து நடக்கிற எல்லாரும் கூலிக்குப் போக வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் அன்று அடுப்பில் பாதி உலைதான். சென்னை ஆய்வாளர்களே பின்னர் இன்னொன்றையும் பதிவு செய்தார்கள். மனச்சிதைவு வந்த பெண்களைக் கணவர்கள் கைவிட, வயதான தாய்தந்தையர் தலையில் அந்தச் சுமை விழுந்தது. 'இந்தியக் குடும்பம்' என்ற பெருமைக்கு உள்ளே இருந்தது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கூலியில்லாத உழைப்பு.

ஆய்வு இன்னொரு வழியும் காட்டியது. 1970களின் நடுவில் சண்டிகர் அருகே ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூர் அருகே சகலவாராவிலும் நடந்த முயற்சிகள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் கிராம சுகாதாரப் பணியாளரும் குறுகிய பயிற்சியோடு மனநோயை அடையாளம் காணலாம், மருந்து கொடுக்கலாம், தொடர்ந்து பார்க்கலாம் என்று காட்டின. அண்ணி பஸ் ஏற வேண்டியதில்லை என்பது 1980க்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்த முடிவுகளின் மேல்தான் 1982இல் தேசிய மனநலத் திட்டம் எழுதப்பட்டது. திட்டம் ஏற்கப்பட்டபோது அதற்கென்று போதிய நிதி ஒதுக்கப்படவில்லை. 1980களின் பின்பாதியில் பெல்லாரி மாவட்டத்தில் மாதிரி நடத்திக் காட்டினார்கள். 1996இல்தான் மாவட்ட மனநலத் திட்டம் சில மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் திருச்சிக்கு அது முதலில் வந்தது.

வழி தெரிந்ததற்கும் முதல் மாவட்டத்தில் கால் வைத்ததற்கும் நடுவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் ஏழைகள் என்ன செய்தார்கள்? ஏர்வாடிக்குப் போனார்கள்.

3. ஏர்வாடி

2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வழக்கின் தலைப்பில் 25 என்ற எண்தான் இருக்கிறது. செய்தி வந்தபோது இருந்த எண் அது. பின்னர் மருத்துவமனையில் இறந்தவர்கள் தலைப்புக்குள் வரவில்லை. இன்றும் சட்டக்கல்லூரி மாணவர்கள் அந்த வழக்கை அந்த எண்ணோடுதான் படிக்கிறார்கள்.

அப்போது பத்திரிகைகள் 'மூடநம்பிக்கை' என்று எழுதின. தர்காவுக்குப் போனால் பேய் போகும் என்று நம்பிய அறியாமைதான் காரணம் என்றன. நான் அப்போது சமூகவியல் மாணவி. நானும் அதை நம்பினேன். பிறகு ஊர் ஊராகப் போய், ஏர்வாடிக்கு ஆட்களை அனுப்பிய குடும்பங்களோடு பேசியபோதுதான் புரிந்தது. அவர்களில் பலர் முதலில் மருத்துவமனைக்குத்தான் போயிருந்தார்கள். மாத்திரை வாங்கினார்கள், பஸ் காசு இல்லாமல் நிறுத்தினார்கள், நோய் திரும்ப வந்தது. அரசின் பெரிய மனநல மருத்துவமனை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருந்தது. தர்கா வாசலில் யாரும் சீட்டு கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, போகச் சொல்லவில்லை. அதைச் சுற்றிக் காசு பார்த்தவர்கள் கொட்டகை போட்டுச் சங்கிலி வாங்கினார்கள். காப்பகக்காரருக்கு மாதாமாதம் பணம் அனுப்பினால் வீட்டில் மிச்சமிருப்பவர்கள் வேலைக்குப் போகலாம். அந்த மக்கள் போட்டது ஒரு கூலிக்கணக்கு. அதை மூடநம்பிக்கை என்று பெயரிட்டால் அரசு தப்பித்துவிடுகிறது.

தீக்குப் பின் ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் வந்தார்கள். மாநிலத்துக்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராமநாதபுரத்துக்கும் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. பின்னாளில் தர்கா வளாகத்திலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க ஏற்பாடானது. ஒரு மாவட்டத்துக்குத் திட்டம் வருவதற்கு 28 பேர் எரிய வேண்டியிருந்தது என்று சொன்னால் கடுமையாக இருக்கும். ஆனால் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வேறு என்ன சொல்வது?

4. உரிமை என்று எழுதியது, ரூபாய் என்று எழுதாதது

2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம் என்று தயங்காமல் சொல்வேன். அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அந்த உரிமையில் பாகுபாடு கூடாது என்று பட்டியலிடும்போது சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. கட்டாயமாக மொட்டை அடிப்பதைத் தடுக்கிறது. மருத்துவமனைக்குள் செய்யும் வேலைக்குக் கூலி கொடுக்கச் சொல்கிறது. பத்து ஆண்டுகளுக்குள் மக்கள்தொகைக்கு ஏற்ற மனநலப் பணியாளர்கள் இருக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ஆண்டு 2028இல் முடிகிறது.

சட்டம் வந்த வேளையில் பட்ஜெட் என்ன சொன்னது? தேசிய மனநலத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2018-19இல் ஒதுக்கியது 50 கோடி. அடுத்த ஆண்டு அது 40 கோடியாகக் குறைந்தது. 2023-24இல் ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் நேரடி மனநல ஒதுக்கீடு சுமார் 919 கோடி. அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. தலைக்கு ஆறேழு ரூபாய். அந்த 919 கோடியிலும் 721 கோடி நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. டெலி மானஸ் என்ற தொலைபேசி ஆலோசனைத் திட்டத்துக்கு 134 கோடி. மாவட்டங்களுக்கான பணம் தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாகத் தனியே போகிறது, மாநில அரசுகளும் செலவிடுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவற்றைச் சேர்த்தாலும் பணம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் குழப்பம் இல்லை.

நிம்ஹான்ஸை நான் குறை சொல்லவில்லை. நம் காலனிகளிலிருந்து ரயிலேறிப் போய் அங்கே பிழைத்து வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ரயிலை ஏன் ஏற வேண்டியிருக்கிறது என்பதே என் கேள்வி. ஒரு தலைநகர நிறுவனத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு போகும் நாட்டில், ஊரிலிருக்கும் சுகாதார நிலையத்துக்கு மாத்திரைகூட ஒழுங்காக வராது.

நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 2015-16இல், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்தது. வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அப்போது ஏதாவது ஒரு மனநலச் சிக்கலோடு இருந்தார்கள். சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை. வருமானம் குறைந்தவர்களிடம் சுமை கூடுதல். 2019இல் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்து எழுதிய அறிக்கை, உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஓராண்டுக்கும் அதிகமாகத் தங்கிவிட்டவர்கள் என்றது. வெளியே சிகிச்சை கிடைக்காதவர்கள் பெருங்கூட்டம்; உள்ளே போக வீடு இல்லாதவர்கள் இன்னொரு கூட்டம். நடுவில் நிற்பது அதே பழைய சுவர்.

5. அட்டவணையில் இல்லாத பத்தி

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். தேசிய மனநலக் கணக்கெடுப்பின் அட்டவணைகள் வயது, பால், கல்வி, தொழில், திருமண நிலை, வருமானம், கிராமம்-நகரம் என்று பிரிக்கின்றன. சாதி என்ற பத்தி இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலை அறிக்கையும் அப்படியே. 2021இல் தற்கொலையால் இறந்தவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி என்று அது சொல்கிறது. அந்தத் தினக்கூலிகள் யார் என்று சொல்வதில்லை. இதே காப்பகம் சிறைக் கைதிகளின் சாதியைக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. சிறையில் எங்களை எண்ணத் தெரிந்த அரசுக்குச் சாவில் எண்ணத் தெரியவில்லை.

எண்ண முடியாது என்று சொல்லவும் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகளைச் சாதிவாரியாகவும் எண்ணியது. மொத்த மக்களில் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 2.45. வேறுபாடு சிறிதாகத் தெரியலாம். கோடிக்கணக்கான மக்களில் அது லட்சக்கணக்கான உயிர்கள்.

ஆய்வுக்கான பணம் என்பது வெறும் ஆய்வகச் செலவு இல்லை. எதைக் கேள்வியாகக் கேட்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அது. சாதியைக் கேட்காத ஆய்வு சாதியைக் கண்டுபிடிக்காது. கண்டுபிடிக்காததற்கு நிதி ஒதுக்க வேண்டியதில்லை. இந்த வட்டத்தை நாம் நன்றாக அறிவோம். 1942இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்துகொண்டே பட்டியல் சாதியினரின் குறைகளை மனுவாக எழுதிக் கொடுத்தார். எத்தனை பேர், எவ்வளவு பணம் என்று எண்களோடு எழுதினார். கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் பெற்றார். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் மேற்படிப்பு உதவித்தொகையின் வேர் அங்கே இருக்கிறது. கருணையைக் கேட்காமல் கணக்கைக் கேட்பது அவர் நமக்குக் கற்றுத்தந்த அரசியல். கல்விக்குக் கேட்டோம், நிலத்துக்குக் கேட்டோம், சிறப்புக் கூறுத் திட்டத்தில் பணம் வேறு பக்கம் திருப்பப்பட்டபோது தெருவில் நின்று கேட்டோம். மனநலத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாவிட்டால் இந்த உரைக்குப் பொருளில்லை.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அப்போது ஒரு பக்கத்தில் 'அவர் மனம் தளர்ந்திருந்தார், தனிப்பட்ட பிரச்சினை' என்று சொல்லிப் பல்கலைக்கழகத்தையும் அரசையும் காப்பாற்றப் பார்த்தார்கள். நாம் எதிர்ப்பக்கம் நின்று 'இது நிறுவனப் படுகொலை' என்றோம். சரியாகத்தான் சொன்னோம். ஆனால் அந்தச் சண்டையில் நமக்குள் ஒரு பழக்கம் இறுகிவிட்டது. மனநலம் என்று வாயைத் திறந்தால் சாதி மறைக்கப்பட்டுவிடும் என்ற பயம் அது. அநீதியை மருத்துவச் சீட்டாக மாற்றிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தால் நம் தோழர் ஒருவர் தூங்காமல் தவிக்கும்போது போராட்டத்துக்கு வா என்று மட்டும் கூப்பிடத் தெரிந்தவர்களாக நாம் ஆனோம்.

அண்ணன் விஷயத்திலும் இதுதான் நடந்தது. அவருக்கு மனநோய் என்று சொன்னால் ஊரான் அவர் எழுதியதையெல்லாம் பைத்தியத்தின் உளறல் என்பான் என்று பயந்தோம். அவருடைய கோபத்துக்கு நோய் என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்று பயந்தோம். எதிரியிடமிருந்து அவர் எழுத்தைக் காப்பாற்றினோம். அவரைக் காப்பாற்றவில்லை. அண்ணி தனியாகப் பஸ் ஏறினார்.

சாதி ஒருவரை உடைக்கிறது என்பதும், உடைந்தவருக்கு மருந்தும் துணையும் வேண்டும் என்பதும் ஒன்றையொன்று அழிக்கும் உண்மைகள் இல்லை. காலை அடித்து உடைத்தவன் மேல் வழக்குப் போடுகிறோம். அதே நாளில் காலுக்கு மாவுக்கட்டும் போடுகிறோம். வழக்குப் பலவீனமாகிவிடும் என்று எலும்பை அப்படியே விடுவதில்லை. தாக்குதல் நடந்த ஒரு காலனிக்கு உண்மை அறியும் குழுவோடு போயிருந்தேன். எரிந்த வீடு எத்தனை, போன நகை எவ்வளவு, உடைந்த வண்டி எத்தனை என்று படிவம் நிரப்பினோம். திரும்பும்போது ஒரு பாட்டி கேட்டது: "ராத்திரி சத்தம் கேட்டா புள்ளைங்க மூத்திரம் போவுதுங்க, அத எதுல எழுதுவீங்க?" எங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை. அரசின் அட்டவணையில் இல்லாத பத்தி எங்கள் அட்டவணையிலும் இல்லை.

6. நாம் கேட்க வேண்டியது

வரலாற்றைச் சொன்னது கோரிக்கைக்காகத்தான்.

முதலில் எண்ணிக்கை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. மனநலக் கணக்கெடுப்பிலும் தற்கொலை அறிக்கையிலும் அந்தப் பத்தி வர வேண்டும். அதை எண்ணுவதற்கும் ஆய்வதற்கும் பொதுநிதி வேண்டும். அந்த ஆய்வுக் குழுக்களில் நம் பிள்ளைகள் தரவு சேகரிப்பவர்களாக மட்டுமல்ல, கேள்வி எழுதுகிறவர்களாக இருக்க வேண்டும்.

அடுத்தது மாத்திரையின் தூரம். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. சேரியின் கடைசி வீடுவரை நடந்து வரும் பெண் பணியாளர் ஒருவர் இருக்கிறார். மனநோய்க்கான மாத்திரையும் பதினைந்து நாளுக்கு இல்லாமல் மாதம் முழுவதற்குமாக அதே கையில் வரட்டும்.

மூன்றாவது கூலி. நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பம் அரசுக்குக் கொடுக்கும் மானியம். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குடும்பம்தான் சிகிச்சை என்றால் குடும்பத்துக்குப் பட்ஜெட்டில் ஒரு தலைப்பு வேண்டும்.

நான்காவது, நம் கையில் ஏற்கெனவே இருக்கும் கருவி. 2024இல் தமிழ்நாடு சட்டப்பேரவை ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்கி, எங்கே போகிறது என்று கண்காணிக்கும் சட்டம். அந்தத் திட்டத்துக்குள் மனநலம் வர வேண்டும். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகும் முதல் அதிகாரிகளோடு ஒரு மனநலப் பணியாளரும் போக வேண்டும். மாணவர் விடுதிகளில் நம் பிள்ளைகள் சாதியைப் பற்றிச் சொன்னால் அதிர்ச்சியடையாமல் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். புதிய மதில் கட்டப் பணம் கேட்காதீர்கள். ஊருக்குள் வாழ வாடகை வீடும், வேலையும், வாசலில் மாத்திரையும் கேளுங்கள்.

கடைசியாக நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டிய ஒன்று. அதற்கு அரசு நிதி வேண்டாம்.

அண்ணனின் தொகுப்பு மறுபதிப்பு வரப்போகிறது. பின்னட்டையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு இருக்கும். முதல் பதிப்பில் 'நீண்ட நாள் உடல்நலக் குறைவால் காலமானார்' என்று அச்சிட்டோம். மெய்ப்பு பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று அண்ணி கேட்டிருக்கிறார். 'ஆறு ஆண்டுகள் மனநோயோடு வாழ்ந்தார், அந்த ஆண்டுகளிலும் எழுதினார்' என்று போடச் சொன்னார். அண்ணன் அந்த நாட்களில் மருத்துவமனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிய குறிப்புகளை அண்ணி ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். முன்பக்கத்தில் தேதியும் மாத்திரையின் பெயரும். பின்பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து. ஒரு சீட்டையும் அவர் தூக்கிப் போடவில்லை.

அந்தப் பையை இன்று அவர் கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் தோழர்கள் பார்க்கலாம். எத்தனை சீட்டு என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி.

ஜெய்பீம்.